புது ஹார்ட் டிஸ்க் மாட்டியும் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை (சுங்கை சிப்புட்)

லயத்துவீடு · திங்கள், இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். மலேசியா, சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பழைய ரப்பர் தோட்டத்து ஆட்களின் படங்களையும் வீடியோ கேசட்டுகளையும் வாங்கி, ஸ்கேன் செய்து சேர்த்து வருகிறேன். லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகள்) இடித்துச் செம்பனை நட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. ஆட்கள் ஆளுக்கொரு தாமானில் (குடியிருப்பு) இருக்கிறார்கள். படங்கள் பிஸ்கட் டின்களில் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கின்றன. கோயில் திருவிழா, மண்டோர் (மேஸ்திரி) வீட்டுக் கல்யாணம், பால் நிறுக்கும் கொட்டகை, 1960இல் அமைச்சராக இருந்த சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் புத்தகம் என்று என்னென்னவோ வருகிறது.

4க்கு 6 அங்குலப் படத்தை 600 டிபிஐயில் டிஃப் கோப்பாக எடுத்தால் சுமார் 26 எம்பி. மினி டிவி கேசட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி. இருந்த 1 டிபி டிஸ்க் நிறைந்துவிட்டது. அதனால் ஆன்லைனில் 8 டிபி டிஸ்க் ஒன்று வாங்கினேன், 3.5 அங்குலம். 'புதியது' என்று போட்டிருந்தார்கள். வெள்ளிநிறப் பையில் சுற்றி வந்தது, அட்டைப்பெட்டி இல்லை.

கம்ப்யூட்டர் கடையில் கட்டிக்கொடுத்த டவர்தான். ஆறாம் தலைமுறை ஐ5, விண்டோஸ் 10. விண்டோஸ் இருப்பது எம்.2 எஸ்எஸ்டியில் (போர்டில் நேராகச் செருகும், சுற்றாத டிஸ்க்). பழைய 1 டிபி டிஸ்க் சாட்டா கேபிளில். புதியதையும் சாட்டாவில் மாட்டி ஆன் செய்தால் திஸ் பிசியில் எதுவும் வரவில்லை. எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

---

பாசார்மாலாம் · திங்கள், இரவு 9:31

பயப்படாதீங்க பாஸ், புது டிஸ்க் அப்படித்தான். பெட்டியிலிருந்து வரும்போது அதில் பார்ட்டிஷனே இருக்காது, அதனால் திஸ் பிசியில் தெரியாது. ஸ்டார்ட் பட்டன் மேல் ரைட் கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறங்கள். 'நாட் இனிஷியலைஸ்ட்' என்று ஒரு டிஸ்க், பக்கத்தில் கறுப்புப் பட்டையோடு இருக்கும். இனிஷியலைஸ் கொடுங்கள். எம்பிஆரா ஜிபிடியா (பார்ட்டிஷன் அட்டவணையின் இரண்டு வகை) என்று கேட்கும். ஜிபிடி. எம்பிஆர் போட்டால் 2 டிபிக்கு மேல் உள்ள இடம் வீண். அப்புறம் கறுப்புப் பட்டையில் ரைட் கிளிக், 'நியூ சிம்பிள் வால்யூம்', என்டிஎஃப்எஸ், ஒரு எழுத்து கொடுத்தால் முடிந்தது. அஞ்சு நிமிஷ வேலை லா.

---

லயத்துவீடு · திங்கள், இரவு 9:50

பார்த்தேன். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டிஸ்க் 0, டிஸ்க் 1 இரண்டுதான். ஒன்று எஸ்எஸ்டி, இன்னொன்று பழைய 1 டிபி. மூன்றாவது இல்லவே இல்லை. 'ரீஸ்கேன்' கொடுத்தும் வரவில்லை.

---

ஈப்போ_ஸ்குரூடிரைவர் · திங்கள், இரவு 10:25

தம்பி, அப்படியென்றால் விண்டோஸை நோண்டி இப்போதைக்குப் பிரயோசனமில்லை. விண்டோஸ் ஜாகா (காவலாளி) மாதிரி. கேட்டுக்கு வந்து நிற்கிற ஆளிடம்தான் அவர் பெயர் கேட்க முடியும். உங்கள் டிஸ்க் இன்னும் கேட்டுக்கே வரவில்லை. டிரைவரை அப்டேட் செய், ரெஜிஸ்ட்ரியைத் திருத்து என்று யூடியூபில் யாராவது சொன்னால் அதை எல்லாம் தள்ளி வையுங்கள்.

முதலில் கை வேலை. கம்ப்யூட்டரை அணைத்து, சுவரில் இருக்கும் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். மறுபடி ஆன் செய்யும்போது புது டிஸ்கின் உடம்பில் இரண்டு விரலை லேசாக வையுங்கள், கீழே இருக்கும் பச்சைப் பலகையைத் தொடாமல். நல்ல டிஸ்க் ஆன் ஆனதும் ஒரு சின்ன உதறல் கொடுக்கும், அப்புறம் சீரான அதிர்வு வரும். 8 டிபி என்றால் உள்ளே தட்டுகள் பல, உணராமல் போகாது. அதிர்வு இருந்தும் பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அமைப்புத் திரை) பெயர் வராவிட்டால் டேட்டா கேபிள், போர்ட் பக்கம் பார்க்க வேண்டும். அதிர்வே இல்லையென்றால் பவர் பக்கம். இந்த ஒன்று தெரியாமல் மற்றதைப் பேசி நேரத்தைக் கொல்ல வேண்டாம்.

பயாஸுக்குள் போக ஆன் செய்தவுடன் டெலீட் பட்டனைத் தட்டிக்கொண்டே இருங்கள். சாட்டா போர்ட் பட்டியலில் எந்த எண்ணுக்கு நேராக எந்தப் பெயர் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள்.

---

கிராணிமகன் · திங்கள், இரவு 10:48

இன்னொன்றும் பாருங்கள். ஆறாம் தலைமுறை மதர்போர்டுகள் பலவற்றில் எம்.2 வாயில் சாட்டா வகை எஸ்எஸ்டி போட்டால் சாதாரண சாட்டா போர்ட்டுகளில் ஒன்று தானாகவே செத்துவிடும். இரண்டுக்கும் ஒரே பாதை. எந்த போர்ட் என்று போர்டின் கையேட்டில் சின்ன எழுத்தில் இருக்கும். புதியதை அதில் குத்தியிருந்தால் எத்தனை ஜென்மம் ஆனாலும் வராது. டிவிடி ரைட்டர் இருந்தால் அதன் டேட்டா கேபிளைப் பிடுங்கி இதில் மாட்டிப் பாருங்கள்.

பயாஸில் சாட்டா மோட் ஏஹெச்சிஐ என்று இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். ரெய்டு என்று இருந்தாலும் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். மாற்றினால் விண்டோஸ் நீலத் திரை காட்டி நின்றுவிடும், அது தனிக் கதை.

---

செம்பனைலோரி · செவ்வாய், காலை 7:05

சுங்கை சிப்புட்டா? நான் பக்கத்தில்தான். நம்ம ஊரில் சாயந்தர இடிக்குப் பவர் சப்ளைதான் முதலில் போகும். போன மழைக்கு எங்கள் வீட்டு மோடம், டிவி பெட்டி, கோழிக்கூண்டு லைட்டு எல்லாம் ஒரே அடியில் போச்சு. கம்ப்யூட்டர் ஆன் ஆகிறது என்பதால் பவர் சப்ளை நல்லாயிருக்கு என்று அர்த்தமில்லை. 12 வோல்ட் பக்கம் நொண்டினால் எஸ்எஸ்டி ஓடும், பெரிய டிஸ்க் சுற்றாது. எஸ்எஸ்டிக்கு 12 வோல்ட் தேவையே இல்லை, பெரிய டிஸ்கின் மோட்டார் 12இல்தான் ஓடும்.

---

லயத்துவீடு · செவ்வாய், இரவு 8:40

வேலை முடிந்து வந்து எல்லாம் பார்த்தேன். அண்ணன் சொன்ன மாதிரி விரல் வைத்தேன். ஒன்றுமே இல்லை. கல்லைத் தொட்ட மாதிரி சும்மா இருக்கிறது. சத்தமும் இல்லை. பயாஸில் போர்ட் 1க்கு நேராகப் பழைய டிஸ்க், மற்றது எல்லாம் 'எம்ப்டி'.

அப்புறம் மாற்றி மாற்றிப் போட்டேன். புது டிஸ்குக்குப் போயிருந்த பவர் கேபிளையும் டேட்டா கேபிளையும் பழைய டிஸ்கில் மாட்டினால் அது நன்றாக ஓடுகிறது. பழைய டிஸ்கின் கேபிள்களைப் புதியதில் மாட்டினால் அதே கல். ஆக கேபிள், போர்ட், பவர் சப்ளை மூன்றும் நல்லாத்தான் இருக்கின்றன போலிருக்கிறது. லோரி அண்ணே, பழையது 3.5 அங்குலம்தான், அதற்கும் 12 வோல்ட் வேண்டும், அது சுற்றுகிறது.

---

பாசார்மாலாம் · செவ்வாய், இரவு 8:52

அப்போ கேஸ் முடிஞ்சது. டிஸ்க் செத்தே வந்திருக்கு. திருப்பி அனுப்பிடுங்க.

---

ஈப்போ_ஸ்குரூடிரைவர் · செவ்வாய், இரவு 9:30

அவசரப்படாதீங்க. மாற்றிப் போட்டுப் பார்த்தது நல்ல வேலை, பாதிப் பேர் அதைச் செய்யாமலேயே டிஸ்கைக் குப்பையில் போடுகிறார்கள். ஆனால் எனக்கு வேறு சந்தேகம். 8 டிபி, அட்டைப்பெட்டி இல்லை, வெறும் பை. இது சர்வருக்குச் செய்த டிஸ்காக இருக்கலாம். அந்த ஜாதி டிஸ்க் வீட்டுக் கம்ப்யூட்டரில் கல் மாதிரி இருப்பதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு.

சாட்டா பவர் வாயில் 15 பின். பழைய விதிப்படி முதல் மூன்று பின்னும் 3.3 வோல்ட். டிஸ்க் கம்பெனிகள் அந்த 3.3ஐப் பெரும்பாலும் பயன்படுத்தவே இல்லை. 2016இல் வந்த சாட்டா விதியின் 3.3ஆம் பதிப்பில் மூன்றாவது பின்னுக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள். அதில் மின்சாரம் வந்தால் டிஸ்க் அணைந்துவிட வேண்டும். சர்வர் அறையில் ஒரு டிஸ்க் முரண்டு பிடித்தால், ஆள் போய்ப் பிடுங்காமல் தூரத்திலிருந்தே அதை அணைத்து ஆன் செய்வதற்காக. நல்ல ஏற்பாடுதான். ஆனால் உங்கள் வீட்டுப் பவர் சப்ளை பழைய வழக்கப்படி அந்தப் பின்னில் 3.3 வோல்ட்டை எப்போதும் அனுப்பிக்கொண்டிருக்கும். டிஸ்க் அதை 'அணைந்து கிட' என்ற உத்தரவாக எடுத்துக்கொண்டு கிடக்கும். இருவர் மேலும் குற்றமில்லை.

பவர் கேபிளின் வயர்களை எண்ணுங்கள். மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5, கறுப்பு இரண்டு. ஐந்தாவதாக ஆரஞ்சு வயர் ஒன்று ஓடுகிறதா? அதுதான் 3.3.

ஆனால் அதற்கு முன்னால் டிஸ்க் உயிரோடிருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். தெரிந்த போட்டோ ஸ்டூடியோவில் யுஎஸ்பி டாக் இருக்கும், டிஸ்கை மேலிருந்து நிறுத்தி வைப்பது. அதற்குத் தனி அடாப்டர் உண்டு, பெரும்பாலும் 12ஐயும் 5ஐயும் மட்டும்தான் கொடுக்கும். அதில் சுற்றினால் என் ஊகம் சரி. சுற்றாவிட்டால் பாசார்மாலாம் சொன்னது சரி. லேப்டாப் டிஸ்குக்கு வைத்திருக்கும் வெறும் யுஎஸ்பி வயரில் மாட்டிப் பார்க்காதீர்கள். அதில் 12 வோல்ட் கிடையாது, எந்தப் பெரிய டிஸ்கும் சுற்றாது. அதை வைத்து ஒன்றையும் முடிவு செய்ய முடியாது.

---

டீச்சர்_கோலகங்சார் · செவ்வாய், இரவு 10:02

இடையில் வருவதற்கு மன்னிக்கவும், என் பிரச்சினையும் கிட்டத்தட்ட இதுதான். பள்ளிக்கூடத்துக் கலைநிகழ்ச்சி வீடியோக்கள் உள்ள எக்ஸ்டர்னல் டிஸ்க், மேசையிலிருந்து விழுந்த பிறகு கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை. டிக், டிக் என்று சத்தம் வருகிறது. சில நேரம் மட்டும் 'ஃபார்மட் செய்ய வேண்டுமா' என்று கேட்கிறது. ஃபார்மட் செய்துவிட்டு அதற்கென்று இருக்கும் சாஃப்ட்வேரில் மீட்டுக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா?

---

ஈப்போ_ஸ்குரூடிரைவர் · செவ்வாய், இரவு 10:15

வேண்டாம் டீச்சர், தயவுசெய்து வேண்டாம். உங்களுடையது வேறு கதை. இவருடைய டிஸ்கில் ஒன்றுமே இல்லை, என்ன செய்தாலும் நஷ்டமில்லை. உங்களுடையதில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

விழுந்த டிஸ்க் டிக் டிக் என்றால், படிக்கும் தலை தன் இடத்தைத் தேடித் தேடித் திரும்புகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் தட்டில் கீறல் விழலாம். இப்போதே பிடுங்கி வையுங்கள். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் வேலை செய்யும் என்று யாராவது சொல்வார்கள். நம்ம ஊர் ஈரத்துக்கு அது உள்ளே வேர்த்துவிடும், கேட்காதீர்கள். வீடியோ முக்கியம் என்றால் டேட்டா மீட்கும் கடைக்கு அப்படியே கொண்டு போங்கள். சாதாரண ரிப்பேர் கடையில் திறக்கவும் விடாதீர்கள். செலவு அதிகம் ஆகும். அதனால் முதலில் அந்த நிகழ்ச்சிக்கு வந்த பெற்றோர் கைப்பேசிகளில் என்ன கிடைக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்க வாட்ஸ்அப் குழு இருக்குமே.

---

டீச்சர்_கோலகங்சார் · செவ்வாய், இரவு 10:21

பிடுங்கிவிட்டேன். நன்றி. வாட்ஸ்அப் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை.

---

லயத்துவீடு · புதன், இரவு 7:55

சுற்றுகிறது அண்ணே!

கடைத்தெருவில் கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி கடையில் டாக் இருந்தது. வைத்து சுவிட்சைத் தட்டியதும் 'ஹ்ம்ம்ம்' என்று கிளம்பியது. அவர் கம்ப்யூட்டர் உடனே 'இனிஷியலைஸ் செய்ய வேண்டும்' என்று கேட்டது. நான் கேன்சல் கொடுத்துவிட்டேன், உங்களைக் கேட்காமல் எதையும் அமுக்கவில்லை. வீட்டுக்கு வந்து கேபிளைப் பார்த்தேன், ஆரஞ்சு வயர் இருக்கிறது. இப்போது என்ன செய்வது? டாக் ஒன்று வாங்கி அதிலேயே வைத்துக்கொள்ளட்டுமா?

---

கிராணிமகன் · புதன், இரவு 8:10

கேன்சல் கொடுத்தது நல்லது. சில டாக்குகள் 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்கை விண்டோஸிடம் காட்டும்போது செக்டர் (டிஸ்கில் எழுதும் சின்னக் கட்டம்) அளவை 512 பைட்டிலிருந்து 4096ஆக மாற்றிச் சொல்லும். அதில் வைத்து ஃபார்மட் செய்து படமெல்லாம் போட்டுவிட்டு, பிறகு டிஸ்கைக் கழற்றி நேரடியாக சாட்டாவில் மாட்டினால் விண்டோஸுக்குப் பார்ட்டிஷன் புரியாது. 'காலி டிஸ்க், ஃபார்மட் செய்யவா' என்று கேட்கும். உள்ளே எல்லாம் பத்திரமாகத்தான் இருக்கும், ஆனால் பார்க்கிறவர் நெஞ்சு நின்றுவிடும். எங்கே நிரந்தரமாக வைக்கப் போகிறீர்களோ அங்கேயே வைத்து இனிஷியலைஸ் செய்யுங்கள்.

எம்பிஆரின் 2 டிபி எல்லையும் இதே செக்டர் கணக்குதான். செக்டர் எண்ணை எழுத எம்பிஆரில் 32 பிட் இடம் மட்டுமே உண்டு. 512 பைட்டால் பெருக்கினால் 2 டிபியில் முட்டிக்கொள்ளும்.

---

ஈப்போ_ஸ்குரூடிரைவர் · புதன், இரவு 9:05

டாக்கில் மணிக்கணக்காக ஓடவிட வேண்டாம், காற்றோட்டம் இல்லாமல் சூடாகும். டவருக்குள்ளேயே வைத்துவிடலாம். இரண்டு வழி உண்டு, நான் டேப் வழியைத்தான் சொல்வேன்.

கைப்பேசி ரிப்பேர் கடையில் கேப்டன் (Kapton) டேப் கேளுங்கள், தேன் நிறத்தில் மெல்லிசாக இருக்கும். சூடு தாங்கும். சாதாரண வயரிங் டேப் ஒட்டாதீர்கள், சூட்டில் பசை இளகி வழுக்கிவிடும். டிஸ்கின் பவர் வாயில், டேட்டா வாயை ஒட்டி இருப்பதுதான் முதல் பின். அங்கிருந்து மூன்று பின்னை மூடுகிற அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, பின் மேல் போட்டு, நுனியைப் பின்பக்கம் மடக்கி ஒட்டுங்கள். ஊசி முனையால் அழுத்திவிடுங்கள், இல்லையென்றால் கேபிளைச் செருகும்போது டேப்பும் சுருண்டு போகும். மூன்றாவது மட்டும் மூடினால் போதும்தான், ஆனால் அவ்வளவு சின்னதாக வெட்டிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை? ஒன்றும் இரண்டும் சேர்ந்து மூடினால் தப்பில்லை. நான்காவதைத் தொடாதீர்கள். டேப் சரியாக விழுந்ததா என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், என் கண்ணுக்கு இப்போது அதுதான் வழி.

இன்னொரு வழி மோலெக்ஸ். பழைய நாலு பின் பவர் வாயில் 3.3 கிடையாது, அதிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிள் விற்கிறார்கள். பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த மாதிரி வாய் உள்ள மலிவுக் கேபிளை மட்டும் வாங்காதீர்கள். உள்ளே வயர்கள் நெருங்கி ஷார்ட் ஆகிப் புகைந்தவற்றை நானே கழற்றியிருக்கிறேன். ஒவ்வொரு வயரும் தனித்தனியாகக் குத்தியிருக்கிற வகை பரவாயில்லை.

ஆரஞ்சு வயரை வெட்டுங்கள் என்றும் சிலர் சொல்வார்கள். வேலை செய்யும். ஆனால் கேபிளுக்கு ஒரு ஊனம் எதற்கு?

---

செம்பனைலோரி · புதன், இரவு 9:20

ஐயோ, இதற்கெல்லாம் டேப் ஒட்டியா ஓட்டுகிறார்கள்! எனக்குத் தெரிந்து டேப் ஒட்டி ஓட்டுவது லோரிச் சீட்டு மட்டும்தான்.

---

லயத்துவீடு · வியாழன், இரவு 9:15

வந்துவிட்டது. டேப் ஒட்டி மாட்டியதும் விரலில் உதறல் தெரிந்தது. பயாஸில் பெயர், டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டிஸ்க் 2. ஜிபிடி போட்டேன். 7.27 டிபி காட்டுகிறது. மீதி எங்கே போனது?

---

பாசார்மாலாம் · வியாழன், இரவு 9:22

எங்கேயும் போகவில்லை. கம்பெனி டிபியை ஆயிரமாயிரமாகப் பெருக்கிக் கணக்கு எழுதும், விண்டோஸ் 1024ஆல் பெருக்கும். 8 டிபி என்றால் 7.27தான்.

படத்தைப் போடுவதற்கு முன் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, ஓட்டிப் பாருங்க. பெட்டி இல்லாமல் வந்த டிஸ்க் என்பது எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு.

---

லயத்துவீடு · வியாழன், இரவு 9:48

ஓட்டினேன். நீலக் கட்டத்தில் 'குட்' என்று இருக்கிறது. ஆனால் வலப்பக்கம் பவர் ஆன் ஹவர்ஸ் 21,460 என்று காட்டுகிறது. பவர் ஆன் கவுண்ட் 38. இது புது டிஸ்குக்குச் சாதாரணமா?

---

கிராணிமகன் · வியாழன், இரவு 9:55

இல்லை. புது டிஸ்கில் பூஜ்யமோ, தொழிற்சாலைச் சோதனைக்கான சில மணி நேரமோதான் இருக்க வேண்டும். ஒரு வருஷத்துக்கு 8,760 மணி நேரம். 21,460 என்றால் ஏறக்குறைய இரண்டரை வருஷம். ஆன் செய்தது 38 தடவை மட்டும் என்பதால் யாரோ சர்வரில் போட்டு நிறுத்தாமல் ஓட்டியிருக்கிறார்கள்.

---

ஈப்போ_ஸ்குரூடிரைவர் · வியாழன், இரவு 10:20

சர்வர் டிஸ்க் என்றதுமே இதையும் நினைத்தேன். அதே பட்டியலில் 05, சி5, சி6 மூன்று வரிகளையும் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போய் மாற்றி ஒதுக்கிய செக்டர், சி5 சந்தேகத்தில் நிற்கும் செக்டர், சி6 படிக்கவே முடியாமல் போனது. மூன்றிலும் கடைசிக் கட்டத்தில் எல்லாம் பூஜ்யமாக இருக்க வேண்டும். சி7இல் எண் இருந்தால் மட்டும் கவலை இல்லை, அது பெரும்பாலும் கேபிள் கோளாறு.

மூன்றும் பூஜ்யம் என்றால் டிஸ்க் கெட்டதில்லை. பழைய சர்வர் டிஸ்கை நானே வாங்கி ஓட்டுகிறேன், சர்வருக்குச் செய்தவை உழைக்கும். ஆனால் பழையதைப் பழைய விலைக்குப் பழையது என்று சொல்லி விற்க வேண்டும். இங்கே அது நடக்கவில்லை.

---

லயத்துவீடு · வியாழன், இரவு 10:31

மூன்றும் பூஜ்யம். விலை புதியதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. மலிவு என்றுதான் அந்தக் கடையை எடுத்தேன், ஆனால் பழையது என்று எங்கேயும் எழுதவில்லை.

---

பாசார்மாலாம் · வியாழன், இரவு 10:40

பேரம் பேசுங்க. பாதிக் காசைத் திருப்பிக் கொடு, டிஸ்கை வைத்துக்கொள்கிறேன் என்று கேளுங்க. ஓடுகிற டிஸ்கைத் திருப்பி அனுப்பித் திரும்ப அலைவானேன்?

---

ஈப்போ_ஸ்குரூடிரைவர் · வியாழன், இரவு 10:52

சினிமா பார்க்கிற டிஸ்க் என்றால் நானும் அதையே சொல்வேன். இது ஒரு தோட்டத்து ஆட்களின் படம். பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்ததும் பாதி உரிந்து போகிற படங்கள், இரண்டாம் தடவை ஸ்கேன் செய்யக் கிடைக்காது. பொய் சொல்லி விற்றவன் டிஸ்கில் அதை வைக்க எனக்கு மனம் வராது.

---

கிராணிமகன் · வியாழன், இரவு 11:10

நானும் ஈப்போ அண்ணன் பக்கம்தான். இவர்களாவது மணிக்கணக்கை அழிக்காமல் விட்டார்கள். 2025 ஜனவரியில் ஜெர்மனியின் ஹைஸ இணையதளம் வெளியிட்ட செய்தியில், பயன்படுத்திய சீகேட் கம்பெனி டிஸ்குகள் புதியவை என்று கடைகளில் விற்கப்பட்டிருந்தன, ஸ்மார்ட் கணக்கும் (மணி நேரம் போன்றவற்றை டிஸ்க் தானே எழுதிவைக்கும் பதிவு) பூஜ்யமாக்கப்பட்டிருந்தது. அந்த டிஸ்குகளில் ஃபார்ம் என்று இன்னொரு பதிவேடும் உண்டு. அதில்தான் உண்மையான மணி நேரம் அகப்பட்டது. அந்த டிஸ்குகளைக் கடைகளுக்குத் தாங்கள் விற்கவில்லை என்றது சீகேட். சீகேட் டிஸ்க் வைத்திருப்பவர்கள் ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற சாஃப்ட்வேரை இறக்கி இரண்டு கணக்கையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். எந்தக் கம்பெனி டிஸ்காக இருந்தாலும் லேபிளில் உள்ள சீரியல் எண்ணை அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டால் வாரண்டி எப்போது முடிகிறது என்று தெரியும். புது டிஸ்குக்கு வாரண்டி பாதி போயிருந்தால் அங்கேயே சந்தேகப்படலாம்.

இப்போது செய்ய வேண்டியது: மணி நேரம் தெரிகிற திரையையும், டிஸ்க் லேபிளையும், 'புதியது' என்று எழுதிய விற்பனைப் பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். விற்பனைப் பக்கத்தை முதலில் எடுங்கள், அதைத்தான் அவர்கள் முதலில் மாற்றுவார்கள். பொருள் வாங்கிக்கொண்டேன் என்ற பட்டனை அமுக்காதீர்கள். அப்புறம் திருப்பியனுப்பும் கோரிக்கை. 'சொன்ன பொருள் இல்லை' என்ற காரணத்தைத் தேர்ந்தெடுங்கள். 'மனம் மாறிவிட்டது' என்று போடக் கூடாது.

கடைக்காரர் மலேசியாவில் இருந்து, முரண்டு பிடித்தால் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் அங்கே கேட்கலாம், மனுவுக்கு 5 வெள்ளி, வக்கீல் வேண்டாம். வெளிநாட்டுக் கடை என்றால் அது எட்டாது, ஆன்லைன் தளத்தின் கோரிக்கையோடு முடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

---

லயத்துவீடு · வெள்ளி, இரவு 9:34

கோரிக்கை போட்டேன். கடைக்காரர் முதலில் 'டெஸ்ட் செய்ததால் மணி நேரம் கூடியிருக்கும்' என்று எழுதினார். இரண்டரை வருஷமா டெஸ்ட் என்று கேட்டு, மணி நேரம் தெரியும் திரையின் படத்தை அனுப்பினேன். அதற்கப்புறம் பேச்சே இல்லை, கொஞ்ச நேரத்தில் பணம் திருப்ப ஒப்புக்கொண்டதாக அறிவிப்பு வந்தது. டேப்பை உரித்து, பசையைத் துடைத்து, நாளைக்கு அனுப்புகிறேன்.

ஞாயிறு ஈப்போவுக்குப் போகிறேன். 8 டிபி ஒன்று வாங்குவதா, 4 டிபி இரண்டு வாங்குவதா?

---

ஈப்போ_ஸ்குரூடிரைவர் · வெள்ளி, இரவு 10:05

4 டிபி இரண்டு. ஒன்று டவருக்குள், மற்றொன்று எக்ஸ்டர்னல் பெட்டியில். இரண்டாவதை உங்கள் வீட்டில் வைக்காமல் தங்கை வீட்டிலோ கோயில் ஆபீஸ் அலமாரியிலோ வையுங்கள். லோரி சொன்ன இடி ஒரே அடியில் இரண்டையும் எடுத்துவிடும் தம்பி. மாதம் ஒரு தடவை கொண்டுவந்து புதிய படங்களைச் சேர்த்தால் போதும்.

யிக் ஃபூங் காம்ப்ளெக்ஸ் பக்கம் போனால் இரண்டு மூன்று கடை ஏறி இறங்குங்கள். கடையில் இருக்கும்போதே பையைப் பிரித்து சீரியல் எண்ணைக் கைப்பேசியில் சோதித்துவிட்டுக் காசு கொடுங்கள். நல்ல தவுக்கே (முதலாளி) கோபித்துக்கொள்ள மாட்டார். ரசீதில் சீரியல் எண்ணை எழுதி வாங்குங்கள். சாதாரண மேசைக் கம்ப்யூட்டர் டிஸ்க் என்று கேளுங்கள், அப்போது டேப் வேலை இருக்காது.

---

லயத்துவீடு · ஞாயிறு, இரவு 8:48

இரண்டு 4 டிபி வாங்கியாயிற்று. ஒன்றை மாட்டியதும் டேப் இல்லாமலே வந்துவிட்டது. பவர் ஆன் ஹவர்ஸ் பூஜ்யம். ஜிபிடி போட்டாயிற்று. 'குயிக் ஃபார்மட்' என்ற டிக்கை வைக்கட்டுமா எடுக்கட்டுமா?

---

ஈப்போ_ஸ்குரூடிரைவர் · ஞாயிறு, இரவு 9:02

எடுங்கள். குயிக் போட்டால் அட்டவணையை மட்டும் எழுதிவிட்டுப் போய்விடும். முழு ஃபார்மட் டிஸ்க் முழுவதையும் எழுதிப் பார்க்கும், கெட்ட இடம் இருந்தால் கடை வாரண்டிக்குள்ளேயே தெரிந்துவிடும். 4 டிபிக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகும், ராத்திரி ஓடவிட்டுத் தூங்குங்கள். கம்ப்யூட்டர் தானாகத் தூங்காதபடி ஸ்லீப்பை 'நெவர்' என்று மாற்றிவிடுங்கள். காலையில் 05, சி5, சி6 மூன்றும் இன்னும் பூஜ்யமாக இருந்தால் படத்தைப் போட ஆரம்பிக்கலாம். இடி இடித்தால் மட்டும் எழுந்துபோய் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மறுநாள் முதலிலிருந்து போடுங்கள்.

---

லயத்துவீடு · திங்கள், காலை 6:40

மூன்றும் பூஜ்யம். மழை வரவில்லை. வேலைக்குக் கிளம்புகிறேன், சாயந்தரம் காப்பி போட ஆரம்பிக்கிறேன். பழைய 1 டிபி டிஸ்கை அழிக்காமல் அப்படியே அலமாரியில் வைத்துவிடுகிறேன்.

---

டீச்சர்_கோலகங்சார் · திங்கள், மதியம் 1:15

பெற்றோர் குழுவில் கேட்டதில் கலைநிகழ்ச்சி பாதிக்கு மேல் கிடைத்துவிட்டது. மூன்றாம் வகுப்பு நாட்டியம் மட்டும் யாரிடமும் இல்லை, அந்த டிஸ்கை மீட்கும் கடைக்கு எடுத்துப் போகிறேன். லயத்துவீடு தம்பி, உங்களிடம் கோலகங்சார் பக்கத் தோட்டங்களின் படமும் இருக்கிறதா? எங்கள் அப்பா பால் மரம் சீவியவர், வீட்டில் ஒரு டின் நிறைய இருக்கிறது.

---

லயத்துவீடு · திங்கள், இரவு 7:30

டின்னோடு கொண்டு வாருங்கள் டீச்சர். ஒட்டிக்கொண்டிருக்கும் படங்களைப் பிரிக்காமல் அப்படியே எடுத்து வாருங்கள், இழுத்தால் மேல்தோல் உரிந்துவிடும். இடம் இப்போது தாராளமாக இருக்கிறது.